அடித்த ரன் குறைந்தது... ஆனாலும் முதலிடம்!

2008 செப்டம்பர் 9. பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானம். டாம்பா பே ரேஸ் அணிக்காக அன்று தொடக்கத்திலேயே களமிறங்க வேண்டியவர் டான் ஜான்சன். கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவரை அவசரமாக வரச் சொல்லியிருந்தார்கள். விமானம் தாமதம். அவர் வந்து சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. அவருடைய பெயரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கியிருந்தார்கள்.

கடைசி இன்னிங்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 4-3 என்று முன்னிலை. பந்து வீசுவது ஜோனதன் பாபெல்பான். ஆட்டத்தை முடித்துவைப்பதற்கென்றே இருக்கும் பிட்சர்களில் அந்த நாளில் எல்லோரும் பயந்த பெயர். அவருக்கு எதிராக மாற்று பேட்டராக ஜான்சனை அனுப்பினார் ரேஸ் மேனேஜர் ஜோ மேடன்.

பந்து பவுண்டரிச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன். ஸ்கோர் சமம். அடுத்த சில நிமிடங்களில் டியோனர் நவாரோ அடித்த அடியில் இன்னொரு ரன். 5-4. ரேஸ் வெற்றி!

ஓர் ஆட்டம்தானே என்று தோன்றலாம். அன்று காலை நிலவரப்படி ரேஸுக்கும் ரெட் சாக்ஸுக்கும் இடையே புள்ளிப்பட்டியலில் இருந்த இடைவெளி அரை ஆட்டம். அந்த இரவு தோற்றிருந்தால் முதலிடம் கைமாறியிருக்கும். பத்து வருடங்களாகக் கேலிப்பொருளாக இருந்த அணி, 'இதுங்களாவது, டிவிஷன் ஜெயிக்கிறதாவது' என்று சொன்னவர்களுக்கு, 'நாங்கள்தான் அப்பவே சொன்னோமே' என்று சொல்லும் வாய்ப்பைத் தந்திருக்கும்.

கடைசி பெஞ்ச் மாணவன்

மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். இரண்டு லீக்குகள். ஒவ்வொரு லீக்கிலும் மூன்று டிவிஷன்கள். டாம்பா பே இருப்பது அமெரிக்கன் லீக்கின் கிழக்கு டிவிஷனில். பள்ளிக்கூடத்தில் எந்த செக்‌ஷனில் சேர்கிறோம் என்பது நம் கையில் இல்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அதே செக்‌ஷனில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் உட்கார்ந்திருந்தார்கள்.

டாம்பா பே அணி பிறந்தது 1998-ல். அந்த ஆண்டிலிருந்து 2006 வரை தொடர்ந்து ஒன்பது முறை டிவிஷனை வென்றது யாங்கீஸ். பத்தாவது ஆண்டான 2007-ல் ரெட் சாக்ஸ். டாம்பா பே? பத்து ஆண்டுகளில் ஒன்பது முறை கடைசி இடம். 2004-ல் மட்டும் நான்காம் இடம். ஐந்து அணிகள் உள்ள டிவிஷனில் அதுதான் அவர்களுடைய பொற்காலம். அந்த ஆண்டு கிடைத்த 70 வெற்றிகளே அதுவரை அவர்களுடைய அதிகபட்சம்.

2007-ல் நிலைமை இன்னும் மோசம். 66 வெற்றி, 96 தோல்வி. டிவிஷனில் மட்டுமல்ல, 30 அணிகளிலும் அதுதான் கடைசி.

அந்த வருட முடிவில் அணியின் பெயரை மாற்றினார்கள். அதுவரை 'டெவில் ரேஸ்'. கடலில் வாழும் ஒரு வகைத் திருக்கை மீனின் பெயர் அது. 'டெவில்' போய் வெறும் 'ரேஸ்' ஆனது. ஆங்கிலத்தில் 'ரே' என்றால் திருக்கையும்தான், ஒளிக்கதிரும்தான். புதுச் சட்டையில் சூரிய ஒளி மின்னியது. பெயரை மாற்றினால் ராசி மாறிவிடுமா என்று ஊரே சிரித்தது.

பர்ஸில் இருந்தது என்ன?

2008 சீசன் தொடங்கியபோது யாங்கீஸ் வீரர்களின் மொத்தச் சம்பளம் சுமார் 20.9 கோடி டாலர். ரெட் சாக்ஸ் சுமார் 13.3 கோடி. ரேஸ்? சுமார் 4.4 கோடி. 30 அணிகளில் அதைவிடக் குறைவாகச் செலவழித்தது ஒரே ஓர் அணிதான்.

ஐ.பி.எல்-லில் எல்லா அணிகளுக்கும் ஏலத்துக்கு ஒரே அளவு பணப்பை. அமெரிக்க பேஸ்பாலில் அப்படிக் கட்டாயம் கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். வசதி இருப்பவர் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டே போகலாம்.

இதில் இன்னொரு சிக்கல், டிவிஷனை வெல்ல 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். நாக் அவுட் போட்டி என்றால் ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் யாரும் யாரையும் கவிழ்க்கலாம். ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை, கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஆறு மாதத்துக்கு யாருக்கும் அதிர்ஷ்டம் தொடர்ந்து கை கொடுக்காது. பணக்கார அணிகளுக்குச் சாதகமான ஓட்டம் இது.

அப்படியானால் ஏழை அணி என்ன செய்யும்?

ஒரு குடும்ப பட்ஜெட் கணக்கு

ரேஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பெர்க்கும், அணியைக் கட்டியமைத்த ஆண்ட்ரூ ஃப்ரீட்மனும் நியூயார்க்கின் நிதிச் சந்தையிலிருந்து வந்தவர்கள். 'எந்தப் பொருள் உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது?' என்று தேடுவதே அவர்களுடைய பழைய தொழில்.

2007-ல் ரேஸ் அடித்த ரன்கள் 782. விட்டுக்கொடுத்த ரன்கள் 944. இந்த இரண்டு எண்களில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

கூடுதலாக ரன் அடிக்க வேண்டுமென்றால் பெரிய பேட்டர்களை வாங்க வேண்டும். ஹோம் ரன் அடிப்பவருக்குத்தான் சந்தையில் உச்ச விலை. அந்தக் கடையில் யாங்கீஸோடு போட்டி போட முடியாது. ஆனால், ஒரு ரன்னை அடிப்பதும், எதிரணியின் ஒரு ரன்னைத் தடுப்பதும் ஸ்கோர் போர்டில் ஒன்றுதான். தடுப்பவருக்குச் சந்தையில் அவ்வளவு விலை இல்லை.

வீட்டில் சம்பளம் கூடாத வருடத்தில் என்ன செய்வோம்? எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். ரேஸ் செய்ததும் அதுதான்.

2008 முடிவில் கணக்கு இப்படி இருந்தது: அடித்த ரன்கள் 774. ஆம், முந்தைய ஆண்டைவிட எட்டு ரன் குறைவு! விட்டுக்கொடுத்த ரன்கள் 671. அதாவது 273 ரன்கள் மிச்சம். 162 ஆட்டங்களில் பிரித்தால், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 1.7 ரன். வெற்றிகள் 66-லிருந்து 97 ஆனது.

ஒரே ஒரு ஹோம் ரன் அடித்தவர்

ஒழுகிய இடத்தை எப்படி அடைத்தார்கள்?

டெல்மன் யங் என்ற இளம் பேட்டர் அணியில் இருந்தார். 2003-ல் புது வீரர்கள் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2007-ல் சிறந்த புதுமுக வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். எதிர்கால நட்சத்திரம். அந்த நவம்பரில் அவரை மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு முக்கியமாக வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிட்சர் மேட் கார்ஸா. இன்னொருவர் ஜேசன் பார்ட்லெட்.

பார்ட்லெட் ஆடிய இடம் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர். கிரிக்கெட்டில் பாயின்ட் திசையில் ஒரு ஜான்டி ரோட்ஸ் நின்றால் பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு எரிச்சலோ, அப்படிப்பட்ட இடம். வலக்கை பேட்டர்கள் தரையோடு இழுத்து அடிக்கும் பந்துகள் நேராக அங்கேதான் வரும். பாய்ந்து எடுத்து, உடனே முதல் பேஸுக்கு எறிந்தால் அவுட். ஓர் எட்டு தாமதித்தால் எதிரணிக்கு ஓர் ஆள் பேஸில்.

இதோடு இன்னொரு மாற்றம். மூன்றாவது பேஸில் நின்ற ஜப்பானிய வீரர் அகினோரி இவாமுராவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார்கள். காலியான இடத்துக்கு ஏப்ரலில் வந்தார் எவான் லாங்கோரியா என்ற புதுமுகம். மூன்று இடங்களில் மூன்று பேர் மாறியதும், முந்தைய ஆண்டு சல்லடையாக இருந்த உள்வட்டம் சுவராக மாறியது.

பந்து வீசுபவருக்கும் இதனால் தைரியம் வரும். பின்னால் நிற்பவர் பிடித்துவிடுவார் என்று தெரிந்தால் பிட்சர் பயந்து பயந்து வீச மாட்டார். 'அடி, பார்க்கலாம்' என்று நேராக வீசுவார்.

2008 முழுக்க பார்ட்லெட் அடித்த ஹோம் ரன் எத்தனை தெரியுமா? ஒன்று. சீசன் முடிந்ததும், அணியைத் தினமும் பின்தொடர்ந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் 'இந்த ஆண்டு ரேஸின் மிக மதிப்புமிக்க வீரர்' என்று தேர்ந்தெடுத்தது அவரைத்தான். ஸ்கோர் கார்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது புரியாது. தினமும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்தது.

வேண்டாம் என்று விடப்பட்டவர்கள்

அணியில் மற்றவர்கள் யார் யார்?

முதல் பேஸில் கார்லோஸ் பென்யா. 2007 தொடக்கத்தில் 'உனக்கு இடமில்லை' என்று சொல்லப்பட்டவர். இன்னொரு வீரருக்குக் காயம் பட்டதால் திரும்ப அழைக்கப்பட்டார். அந்த ஆண்டு 46 ஹோம் ரன் அடித்தார். ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து பந்து வீசிய ஆஸ்திரேலியர் கிராண்ட் பால்ஃபர், 2008 தொடக்கத்தில் 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று விடப்பட்டவர். யாரும் எடுக்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராகத் தோற்றுப்போன ஜே.பி. ஹவல், பிற்பகுதியில் வீச மாற்றப்பட்டதும் அசத்தினார்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரும் கிடப்பில் கிடந்த சரக்கு இல்லை. பேஸ்பாலில் கடைசியாக வரும் அணிக்கு ஓர் ஆறுதல் உண்டு. அடுத்த ஆண்டு புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்ற அணிகளுக்கே முன்னுரிமை. பி.ஜே. அப்டன் 2002-ல் இரண்டாவது தேர்வு. லாங்கோரியா 2006-ல் மூன்றாவது. டேவிட் பிரைஸ் 2007-ல் முதலாவது. பத்து வருடம் வாங்கிய அடிக்கு வட்டியாக வந்தவர்கள் இவர்கள்.

ஆனால், முன்வரிசைத் தேர்வு கிடைத்தும் தேறாத அணிகள் ஏராளம். விதை கிடைப்பது வேறு, விளைய வைப்பது வேறு.

9 = 8

அந்த விளைய வைக்கிற வேலை ஜோ மேடனுடையது. 2006-ல் மேனேஜராகப் பொறுப்பேற்றவர். முதல் ஆண்டில் 101 தோல்வி, இரண்டாம் ஆண்டில் 96. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் வீரர்களுக்கு ஒரு கணக்கு சொன்னார்: 9 = 8.

கணக்கு வாத்தியார் தலையில் குட்டுவார். மேடன் சொன்ன விளக்கம் வேறு. ஒன்பது வீரர்கள் ஒன்பது இன்னிங்ஸும் முழு மனதோடு ஆடினால், பிளே ஆஃப் செல்லும் எட்டு அணிகளில் ஒன்றாகலாம். அப்போது பிளே ஆஃப் செல்வது மொத்தம் எட்டு அணிகள்தான்.

சொன்னதைக் கடைப்பிடித்தும் காட்டினார். ஆகஸ்ட் மாதம், பந்தை அடித்துவிட்டு முழு வேகத்தில் ஓடாத அப்டனை பெஞ்சில் உட்கார வைத்தார். அணியின் முக்கிய பேட்டர்களில் ஒருவர் அவர். முதலிடத்துக்கான போட்டி உச்சத்தில் இருந்த நேரம். சில நாள் கழித்து அதே தவறு. இந்த முறை நடு ஆட்டத்திலேயே வெளியே அழைத்துவிட்டார். 'திறமை இருக்கிறதே' என்று விட்டிருந்தால் மற்ற எட்டு பேருக்கும் அந்தக் கணக்கு வெறும் டி-ஷர்ட் வாசகமாகியிருக்கும்.

வழுக்கிய இடங்கள்

நடுவில் எல்லாம் சுகமாகப் போய்விடவில்லை. ஜூலையில், சீசனின் நடுவே வரும் சிறு விடுமுறைக்கு முன்னால், தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் தோற்றார்கள். முதலிடம் பறிபோனது. 'அவ்வளவுதான், பழைய டெவில் ரேஸ் திரும்பி வந்தாச்சு' என்றார்கள்.

விடுமுறை முடிந்து மீண்டும் முதலிடத்தைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் லாங்கோரியாவுக்கு மணிக்கட்டில் காயம். அணியின் வேகப்புயல் கார்ல் கிராஃபோர்டுக்குக் கையில் காயம். இரண்டு பேருமே வெளியே. அந்த மாதம் ரேஸின் கணக்கு: 21 வெற்றி, 7 தோல்வி! பெரிய பேட்டர்கள் இல்லாத மாதத்திலும் தடுக்கும் வேலை நிற்கவில்லை. ஒருவரை நம்பிய அணியாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு செப்டம்பர். ரெட் சாக்ஸ் நெருங்கி வந்து மூச்சு விட்டார்கள். அப்போதுதான் டான் ஜான்சனின் அந்த ஹோம் ரன். மறுநாள் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியவில்லை. 14-வது இன்னிங்ஸ் வரை இழுத்தது. பென்யாவின் ஹோம் ரன்னால் அதையும் வென்றார்கள்.

தோற்ற இரவில் கிடைத்த பட்டம்

செப்டம்பர் 20. சொந்த மைதானத்தில் மினசோட்டாவை 7-2 என்று வீழ்த்தி முதன்முறையாக பிளே ஆஃப் இடத்தை உறுதி செய்தது ரேஸ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருக்கும், மூடிய கூரை போட்ட அந்த ட்ராபிகானா ஃபீல்டில், மாட்டு மணிகளைக் குலுக்கிச் சத்தம் எழுப்புவது ரசிகர்களின் வழக்கம். பல ஆண்டுகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த அரங்கில் அன்று மணிச் சத்தம் ஓயவில்லை.

ஆனால், டிவிஷன் பட்டம் இன்னும் பாக்கி.

செப்டம்பர் 26. டெட்ராய்ட் நகரில் ஆட்டம். ரேஸ் தோற்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏற வேண்டிய இரவு. ஆனால், யாரும் கிளம்பவில்லை. பாஸ்டனில் ரெட் சாக்ஸுக்கும் யாங்கீஸுக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 1995 முதல் 2007 வரை ஒவ்வோர் ஆண்டும் பிளே ஆஃப் சென்ற யாங்கீஸ் இந்த ஆண்டு ஏற்கெனவே வெளியேறியிருந்தது. இழக்க எதுவும் இல்லாத அந்த அணி, தன் பரம வைரியான ரெட் சாக்ஸை 19-8 என்று நொறுக்கியது.

பத்து ஆண்டுகளாக ரேஸை மிதித்த யாங்கீஸ் கையாலேயே வந்து சேர்ந்தது டிவிஷன் பட்டம். இறுதிப் பட்டியல்: ரேஸ் 97 வெற்றி, ரெட் சாக்ஸ் 95, யாங்கீஸ் 89.

இரண்டே வெற்றி, என்ன பயன்?

ரெட் சாக்ஸும் பிளே ஆஃப் சென்றது. டிவிஷன் வெல்லாத அணிகளில் சிறந்ததற்கு 'வைல்டு கார்டு' என்று ஓர் இடம் அப்போது இருந்தது. அப்படியானால், முதலிடத்துக்காக இவ்வளவு பாடுபட்டது எதற்கு?

மூன்று வாரங்கள் கழித்துப் பதில் கிடைத்தது. அமெரிக்கன் லீக் இறுதிச்சுற்றில் இதே இரண்டு அணிகளும் மோதின. ஐந்தாவது ஆட்டத்தில் 7-0 என்று முன்னிலையில் இருந்த ரேஸ், பாஸ்டனில் 8-7 என்று தோற்றது. ஆறாவது ஆட்டமும் கைநழுவியது. 3-3. எல்லாம் முடிவாகும் ஏழாவது ஆட்டம் எங்கே நடக்கும்? டிவிஷனை வென்ற அணியின் ஊரில். அந்த ஆண்டு சொந்த மைதானத்தில் ஆடிய 81 லீக் ஆட்டங்களில் 57-ஐ வென்ற அணி ரேஸ்.

மாட்டு மணிகள் முழங்க, 3-1 என்று வென்றது ரேஸ். வெற்றிக்கு அடித்தளம் போட்ட பிட்சர் யார்? பார்ட்லெட்டோடு சேர்ந்து வந்த அதே மேட் கார்ஸா. கடைசியில் வந்து முடித்து வைத்தவர் டேவிட் பிரைஸ்.

உலகத் தொடரில் ஃபிலடெல்ஃபியாவிடம் 4-1 என்று தோற்றார்கள். 2020-ல் மீண்டும் இறுதிக்குப் போனபோதும் தோல்விதான். அப்போது வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை வழிநடத்தியவர், 2008-ல் ரேஸைக் கட்டிய அதே ஆண்ட்ரூ ஃப்ரீட்மன். கிராஃபோர்டை 2010 முடிவில் 14.2 கோடி டாலர் கொடுத்து ரெட் சாக்ஸே அள்ளிக்கொண்டது. எளியவன் வளர்த்ததை வலியவன் விலைக்கு வாங்கிப்போவது அங்கேயும் நடக்கிறது. அதையும் மீறி 2010, 2020, 2021 ஆண்டுகளில் மீண்டும் டிவிஷனை வென்றது ரேஸ். ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். நான்கு முறையை என்னவென்று சொல்வது?

எளிய அணி டிவிஷனை வெல்ல முடியுமா என்று ஒவ்வோர் ஏப்ரலிலும் பேஸ்பால் ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் போவது, யார் பெரிய பேட்டரை வாங்கியிருக்கிறார்கள் என்ற செய்திக்குத்தான். 2008 ஏப்ரலில் அப்படித் தேடியவர்களுக்கு ரேஸ் பட்டியலில் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒரு புதுப் பெயர் மட்டும் இருந்தது. அந்த சீசனில் ஒரே ஒரு ஹோம் ரன் அடிக்கப் போகிறவரின் பெயர்.